புதியவர்களுக்கு ஒதுக்கியது

சுகுமாரன் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டவன் இல்லை. பினாங்கில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. மறந்து சட்டைப்பையோடு வந்துவிட்டால் மறுநாள் முதல் வேலையாக அதை எடுத்த இடத்தில் வைப்பான். அப்படிப்பட்டவன்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் வேலையைத் திருடினான். வேலை என்றால் சம்பள வேலை இல்லை. தம்பிடி பெறாத வேலை. அதுதான் இதில் கூடுதல் கேவலம்.

கதையை முறையாகச் சொல்ல வேண்டும். 'எப்ப வரும்' என்று ஒரு செயலி இருந்தது. பேராக் மாநிலத்தில் தொழிற்சாலை பஸ்களில் போய்வருகிறவர்கள், பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்வதற்கு. அதை எழுதிய யாருக்கும் சம்பளம் கிடையாது. நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர்கள் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வப்போது ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நாள் முழுக்க எழுதுவார்கள். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டப்பந்தயத்தின் பெயர்தான். ஓடுகிற உடம்பு ஒன்றையும் அங்கே பார்க்க முடியாது. உட்கார்ந்த இடத்துக்கே ரொட்டி சானாய் வந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தர்மம் உண்டு. செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் செயலியின் இணையப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். அதில் சுலபமான சிலவற்றின் மேல் பச்சை நிறத்தில் 'புதியவர்களுக்கு' என்று ஒட்டியிருப்பார்கள். கை பழகியவன் நினைத்தால் ஒரு கிளாஸ் தே தாரிக் ஆறுவதற்குள் முடித்துவிடுவான். ஆனால் முடிக்கக் கூடாது. முதல்முறை வருகிறவருக்கு என்று எடுத்துவைத்தது அது. பந்தியில் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பாயசத்தில் பெரியவன் கரண்டி விடலாமா? ஒருவர் பெயர் கொடுத்துவிட்ட வேலையை இன்னொருவர் தொடுவதும் இல்லை. இதையெல்லாம் யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். சுகுமாரனுக்கும் தெரியும்.

பினாங்கு கம்பெனி ஆளைக் குறைத்தபோது சுகுமாரன் இருந்த பிரிவே காணாமல் போயிற்று. மனைவி விமலா ஈப்போவில் ஆசிரியை. அத்தனை வருஷம் வாரக் கடைசிக்கு மட்டும் வந்துபோன வீட்டில் இப்போது திங்கட்கிழமை காலையும் அவன் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் 'லீவா சார்?' என்று கேட்பார். முதல் மாதம் 'ஆமா' என்றான். அப்புறம் அவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து வெளியே வராமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

நாற்பதைத் தாண்டியவனை யாரும் சுலபத்தில் கூப்பிடவில்லை. கடைசியில் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு கம்பெனி, திங்கட்கிழமை நேர்காணலுக்கு வரச்சொல்லி எழுதியது. கூடவே ஒரு வரி: இணையத்தில் நீங்கள் பொதுவில் செய்த வேலைகளையும் பார்ப்போம். சுகுமாரன் பொதுவில் என்ன செய்தான்? எழுதியதெல்லாம் கம்பெனிப் பூட்டுக்குள். அவன் பெயரைத் தட்டினால் ஒரு வெறும் பக்கம் வரும், காலி செய்த வீடு மாதிரி. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கெல்லாம் பக்கம் நிரம்பி வழிகிறது. இரண்டே நாளில் அந்தப் பக்கத்தில் நாலு காரியமாவது தெரிய வேண்டும் என்ற பயத்தில்தான் அவன் இந்த ஸ்பிரிண்டுக்குத் தன் பெயரைக் கொடுத்தான்.

ஸ்பிரிண்டை நடத்திய அக்மலுக்கு அவன் வந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். மாடி அக்மலுடைய அத்தா நூஹுவின் கடைக்குச் சொந்தமானது. பெரிய கம்பெனியில் இருந்த ஆள் வழிகாட்டியாகக் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று அக்மல் நினைத்தான். வெள்ளிக்கிழமையே ஏற்பாடு பார்க்க வந்த சுகுமாரனுக்கு, எதையும் சேர்க்கவும் நீக்கவும் ஒப்புதல் கொடுக்கவும் முழு உரிமையைக் கொடுத்தான். "ஜும்ஆவுக்குப் போய்ட்டு வாரேண்ணே, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சொங்கோக் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். நம்பிக்கை என்பதை அவ்வளவு சுலபமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாடியில் மின்விசிறியும் சுகுமாரனும்தான். பக்கத்தைத் திறந்தான். பெரிய வேலைகள் ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் இழுக்கும். பச்சை ஒட்டியவை நாலு இருந்தன. மூன்றுக்கு யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை. மளமளவென்று முடித்தான். மனசு உறுத்தாமல் இல்லை. யாரும் கேட்காத வேலைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். நாலாவதில் குமுதா என்ற பெயர் இருந்தது.

அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவளே அவள்தான். பாகான் செராய்க்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம். பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கப் போனவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை அங்கே இருந்தது. இப்போது கொட்டகையும் இல்லை, பால்மரமும் இல்லை, சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆனாலும் பஸ் டிரைவர் முதற்கொண்டு எல்லோர் வாயிலும் அது ஆயாக் கொட்டகைதான். செயலிக்குத் தெரிந்ததோ ஒரு கிலோமீட்டர் எண் மட்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் தேடினால் கிடைக்காது. விடியாத இருட்டில் வேறெங்கோ நின்று பஸ்ஸை விட்டுவிடுவார்கள். மக்கள் சொல்கிற பெயரைப் போட்டாலும் நிறுத்தம் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'இதை நானே செய்து பார்க்கிறேன். இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். ஸ்பிரிண்டுக்கு வந்து முடித்துவிடுவேன், தயவுசெய்து எனக்கு விட்டு வையுங்கள்.'

சுகுமாரன் அதைப் படித்தான். படிக்கவில்லை என்று அவன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு, அதெல்லாம் கதை. முழுசாகப் படித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து இதற்காக யார் வரப்போகிறார்கள், வந்தாலும் தானாகச் செய்யத் தெரியுமா, கடைசியில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தான். திருடப் போகிறவனுக்கு நியாயங்களா கிடைக்காது? அவள் பெயரைத் தட்டி நீக்கினான். தன் பெயரைப் போட்டான். எழுதினான். ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதையும் தானே செய்துகொண்டான். தொழுகை முடிந்து அக்மல் திரும்பி வந்தபோது கீழே வெள்ளிக்கிழமை பிரியாணிக் கூட்டம் நெரித்தது. அவன் மாடிக்கே வரவில்லை, நேராகக் கல்லாவுக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை குமுதா வந்தாள். முதல் ஆளாக வந்தாள். மெலிந்த பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது. தைப்பிங் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கும் வேலை; மாலையில் கைப்பேசியில் பாடம் பார்த்து நிரல் எழுதப் பழகியவள். இந்த நாளுக்காக ஷிப்டை மாற்றி, லீவு கேட்டுச் சூட்டி போட்டுவிட்டு, கருக்கலிலேயே பஸ் ஏறியிருந்தாள். புதியவர்கள் வழிகாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதும் அந்தக் கூட்டத்து வழக்கம். அக்மல் அவளைக் கொண்டுவந்து சுகுமாரன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். "அண்ணே ரொம்ப சீனியர். என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கப் போனான்.

சுகுமாரன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். அவள் பசியாறியாயிற்றா என்று கேட்டான். ஆயிற்று என்றாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, ஆயாக் கொட்டகை விஷயமாகத் தான் வீட்டில் கொஞ்சம் எழுதிப் பார்த்ததாகவும், அதைக் காட்டட்டுமா என்றும் கேட்டாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அவனை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள்.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கால் மணி நேர வெட்கத்தோடு போயிருக்கும். அவன் சொன்னான்: "அது நேத்தே முடிஞ்சிருச்சிமா. அவசரமா வேணும்னு அக்மல் கேட்டாப்ல. நான்தான் செஞ்சி குடுத்தேன்."

"ஓ" என்றாள் குமுதா. கொஞ்ச நேரம் தன் திரையைப் பார்த்தாள். "வேற ஏதாச்சும் இருக்காண்ணே, எனக்குத் தோதா?"

இல்லை. பச்சை ஒட்டியது ஒன்றுகூட மிச்சமில்லை. பிள்ளைகள் பாயசத்தை ஒரு சொட்டு விடாமல் வழித்திருந்தான். கடைசியில், தான் எழுதியதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான். சோதிப்பதும் பெரிய வேலைதான், அதில்தான் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தான். அவள் தலையாட்டினாள். தொழிற்சாலையில் வாரமெல்லாம் அடுத்தவர் செய்ததைச் சோதிக்கிறவள், சூட்டி போட்டு ஈப்போ வரைக்கும் வந்து, இங்கேயும் அதையே செய்தாள்.

அதையும் ஒழுங்காகச் செய்தாள் என்பதுதான் அவனைக் கொன்றது. தன் பஸ் போகிற வழியில் ஒவ்வொரு நிறுத்தத்தையும், மக்கள் சொல்கிற பெயரைப் போட்டுத் தேடினாள். கோயில் முக்கு, பழைய ஸ்டோரு, இரட்டைப் பாலம். ஆயாக் கொட்டகை என்று தட்டியதும் வரைபடத்தில் செம்பனைக்கு நடுவே புள்ளி எழுந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது; அடக்கப் பார்த்தும் வந்துவிட்ட சிரிப்பு. "நல்லா வருதுண்ணே" என்றாள். சுகுமாரன் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அந்தச் சிரிப்பு அவள் எழுதி முடித்து வந்திருக்க வேண்டிய சிரிப்பு என்று அவனுக்குத் தெரிந்தது.

மத்தியானம் கீழே சாப்பிடும்போது அக்மல், அண்ணனுக்குத் திங்கட்கிழமை பெரிய கம்பெனியில் நேர்காணல் என்று மேசை முழுக்கத் தம்பட்டம் அடித்தான். எல்லோரும் வாழ்த்தினார்கள். குமுதா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ ஒரு கணக்குக்கு இப்போதுதான் விடை கிடைத்தாற்போல. அவளும் வாழ்த்தினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சுகுமாரனுக்குக் குறுகுறுத்தது, ஆனாலும் அந்தப் பார்வையை வெள்ளந்திப் பெண்ணின் பார்வை என்றே எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என்ன செய்தோம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். முதல்முறை ஒன்றை எழுதிச் சேர்த்தவர் பெயர் வந்தால் எல்லோரும் மேசையைத் தட்டி அமர்க்களம் செய்வார்கள். கீழே சாப்பிடுகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் வரும். குமுதாவின் முறை வந்ததும் தட்டுவதற்குக் கைகள் தயாராயின.

அவள் எழுந்து, தான் ஒன்றும் அனுப்பவில்லை, சுகுமாரன் அண்ணன் செய்ததைச் சோதித்துப் பார்த்ததாகச் சொன்னாள்.

அக்மல் புருவத்தைச் சுருக்கினான். "ஆயாக் கொட்டகை என்னாச்சு? அத உங்களுக்குன்னுதானே வச்சிருந்தேன். யாரும் தொட வேணான்னு சொல்லியிருந்தேனே லா."

அவசரமாக வேண்டும் என்று அக்மல் கேட்டதாகச் சொன்ன பொய், அக்மல் வாயாலேயே எல்லோர் நடுவிலும் உடைந்து கிடந்தது. அது உடைந்தது குமுதாவுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் திரும்பி சுகுமாரனைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுக்கவில்லை. அவன் வாயைத் திறக்க வேண்டும். 'நான்தான்' என்று ஒரு சொல் போதும். திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. விமலா அவனுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தது ஞாபகம் வந்தது. இத்தனை சின்னப் பிள்ளைகள் முன்னால் இந்த வயதில் தலைகுனிவதா என்று நினைத்தான். தரையைப் பார்த்தான்.

"நாந்தான் விட்டுட்டேண்ணே" என்றாள் குமுதா, அக்மலிடம். "எனக்கு வரல. அண்ணே முடிச்சிக் குடுத்தாங்க."

அடுத்த தடவை பார்க்கலாம் என்று அக்மல் தேற்றினான். பிறகு சுகுமாரன் நாலு வேலை முடித்திருக்கிறான் என்று அறிவித்தான். எது யாருக்கு ஒதுக்கியது என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? தயாராக இருந்த கைகள் எல்லாம் அவனுக்காக மேசையைத் தட்டின. சுகுமாரன் சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது, தன் முகத்தைத் தானே அறைய வேண்டும் போலிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்தில் விடுகிறேன் என்று குமுதாவை அவனே தன் காடியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். அவள் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு மழையைப் பார்த்துவிட்டு ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டே ஓட்டினான். பஸ் நிலையத்தின் முன்னால் நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னான்.

"அக்மல் ஒண்ணும் கேக்கலமா. நானாத்தான் எடுத்தேன். திங்கக்கெழமைக்காக."

சொன்னதும் நெஞ்சு லேசானது. தைரியமாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. ஆள் இல்லாத இடத்தில் வருகிற தைரியத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"தெரியும்ணே" என்றாள் குமுதா.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நேத்து ரெஸ்ட் நேரத்துல அந்தப் பக்கத்தத்தான் தொறந்து வச்சிருந்தேன். இன்னிக்கு என்ன கேக்கலாம்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு முன்னாடியே என் பேரு போச்சு. உங்க பேரு வந்துச்சி."

சுகுமாரனுக்குக் காது சுட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக நிரல் எழுதுகிறவன். திறந்து கிடக்கிற பக்கத்தில் ஒருவன் எதைத் தட்டினாலும், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கணமே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா? மாடியில் ஆள் இல்லை என்பதையே யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. காலையிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அவள் பொய் என்று தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அந்தச் சோதிக்கும் பிரசங்கத்தைக்கூட.

"அப்புறம் ஏம்மா வந்தே?"

"சூட்டி போட்டாச்சே. நேர்ல பாத்தா திருப்பிக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேன்."

மழை கண்ணாடியில் வழிந்தது. சுகுமாரன் கேட்டிருக்கக் கூடாது. கேட்டான். அக்மல் முன்னால் ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டான். தன்மேல் இரக்கப்பட்டதாக அவள் சொல்லுவாள், அதைக் கேட்டுக் கண்ணீர் விடலாம் என்று மனசின் ஒரு மூலை காத்திருந்தது.

குமுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் பொய் சொல்றப்பவாச்சும் நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேண்ணே" என்றாள். கதவைத் திறந்தாள். "அடுத்த ஸ்பிரிண்டுக்கும் வருவேன். நீங்களும் வாங்க. ஆனா எம்பக்கத்துல ஒக்காராதீங்க."

இறங்கி, மழையில் தலைமேல் பையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குள் ஓடினாள்.

சுகுமாரன் அங்கேயே இருந்தான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், காடியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தான். இதில் எழுதினால் உலகமே பார்க்கும்; தஞ்சோங் மாலிம்காரர்களும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தான். எழுதினான்: 'இந்த வேலை குமுதாவுக்கு ஒதுக்கியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பெயரை நீக்கிவிட்டு நான் பிடுங்கிக்கொண்டேன்.'

அனுப்ப விரல் வரவில்லை. பிடுங்கிக்கொண்டேன் என்ற சொல் அவனை முறைத்தது. அவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டுமா? திங்கட்கிழமை அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள். உண்மையைச் சொல்வதுதானே முக்கியம், சொல்கிற விதமா முக்கியம்? அழித்தான். திருத்தி எழுதினான்: 'இந்த வேலை குமுதாவுக்கு ஒதுக்கியது. தவறுதலாக நான் எடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.' படித்துப் பார்த்தான். கண்ணியமாக இருந்தது. அனுப்பினான்.

வைப்பரை ஓடவிட்டு, காடியைக் கிளப்பப் போனவன் திரையை இன்னொரு தரம் பார்த்தான். அவன் எழுதியதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் எழுந்து நின்றது. சம்மதம் என்று காட்டுவதற்குத் தட்டுகிற கட்டைவிரல். தட்டியவர் பெயர் குமுதா.

அவள் இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பஸ்ஸில் ஈரத்தோடு உட்கார்ந்து, தவறுதலாக என்ற சொல்லையும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, ஆமாம் அப்படித்தான் என்று அவனுடைய இந்தப் பொய்க்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த ஒரு சொல்லை இப்போதே அழிக்கலாம். அழித்துவிட்டுப் பழைய சொல்லைத் திரும்ப எழுதலாம். எழுதினாலும் அவள் படித்தது படித்ததுதான்.